கூட்டமைப்பில் சேரலாமா? சிறு சங்கங்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் மகளிர் குழு, நற்பணி மன்றம், பாசன சங்கம், சின்ன அறக்கட்டளை என்று ஊருக்கு ஊர் ஏதோ ஒன்று இயங்குகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தபின், பெரிய அமைப்போடு சேர்வதா, தனியாகவே நிற்பதா என்ற கேள்வி இவற்றை நடத்துவோருக்கு எழுவது இயல்பு. அதையொட்டிய சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

வெள்ளத்தில் ஊர்க்காரர்கள்தானே கைகொடுத்தார்கள்? கூட்டமைப்பு எதற்கு?

கைகொடுத்தது ஊர்க்காரர்கள்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம் அது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில், டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுபோனது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருந்தும் அருகிலுள்ள புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். மீட்புப் பணி முடிய 19-ஆம் தேதி ஆனது. யாரும் உத்தரவிட்டு நடந்த காரியமல்ல இது. முதல் இரண்டு நாட்களுக்கு அக்கம்பக்கத்தார்தான் துணை. அந்த இடத்தை எந்தக் கூட்டமைப்பாலும் நிரப்ப முடியாது.

அதற்கு அடுத்த நாளிலிருந்து வேலையின் தன்மை மாறிவிடுகிறது. வாழை சாய்ந்தவர் யார், ஆடு மாடு இழந்தவர் யார், பட்டாவும் ரேஷன் கார்டும் தண்ணீரில் போனது யாருக்கு, குழுக் கடன் தவணையை வங்கியிடம் தள்ளிவைக்கச் சொல்வது யார்? இதற்கெல்லாம் பட்டியலும் எழுத்து வேலையும் பல மாத அலைச்சலும் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழந்துணி குவிந்து கிடந்தபோது, உள்ளே ஒதுங்கியிருந்த குடியிருப்புகள் பல, குறிப்பாகத் தலித் மக்களுடையவை, உதவிப் பட்டியலிலேயே வரவில்லை. 2005 ஜனவரியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், நாகையின் ஸ்நேகா அமைப்பும் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்த ஊருக்கு யார் போகிறார்கள், எங்கே என்ன குறை என்பதை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரே இடத்தில் திரட்டினார்கள். நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்திறங்கிய மாவட்டத்துக்கு அந்தத் தகவல்தான் பெரிய உதவி.

எங்களுக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது?

மகளிர் குழுக்களுக்கு மிக அருகில் இருப்பது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. 1983-ல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியில் அமைந்தது இது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் பிரதிநிதிகள் வருகிறார்கள். குழுக்களைத் தரம் பிரிப்பது, கணக்கு எழுதப் பழக்குவது, வங்கிக் கடனுக்கு வழிசெய்வது, சமுதாய முதலீட்டு நிதியைக் கடனாகக் கொடுத்து வசூலிப்பது எல்லாம் இதன் பொறுப்பு. கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தூத்துக்குடி பல்நோக்கு சமூக சேவை சங்கம், 1962-ல் தோன்றிய காரித்தாஸ் இந்தியாவின் வலையமைப்போடு இணைந்தது. மதுரையில் 1997-ல் பிறந்த தானம் அறக்கட்டளை, பெண்களைக் களஞ்சியங்களாகவும் குளத்துப் பாசன விவசாயிகளை வயலகங்களாகவும் சேர்த்து, அவற்றை வட்டாரக் கூட்டமைப்புகளாக்கியது. ஒரு குளத்தின் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும் நம் பகுதிக்கு இந்த வயலக முறை மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். மேல்குளத்துக்காரர்கள் கரையைக் கவனிக்காவிட்டால் கீழ்குளத்து ஊர் தனியாக என்ன செய்துவிட முடியும்?

பணம் தராத கூட்டமைப்பும் உண்டு. 2011 முதல் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பைப் பாருங்கள். மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இதை உள்ளூர் இயற்கை ஆர்வலர் குழுக்களைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிறது. எல்லோரும் ஒரே முறையில் எண்ணுவதால்தான் பல குளங்களின் கணக்கை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிகிறது. தனியொரு மன்றம் தன் ஊர்க்குளத்தை மட்டும் எண்ணி வைத்திருந்தால் அந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு வந்திருக்காது.

நடுவில் நின்று நன்கொடையில் பங்கு பிடிக்கிறார்களே?

நிர்வாகச் செலவு இல்லாமல் எந்த அமைப்பும் ஓடாது. ஆடிட்டர், கணக்கர், களப்பணியாளர் எல்லோருக்கும் சம்பளம் உண்டு. கேட்க வேண்டியது எவ்வளவு, எதற்கு என்பதைத்தான். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த உச்சவரம்பை 2020-ல் சட்டத் திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. அதே திருத்தம், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவே கூடாது என்றும் தடை போட்டது. முன்பு பெரிய அமைப்புகள் வாங்கிச் சிறு சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழி இதோடு அடைபட்டது. ஆகவே, “எங்களிடம் சேர்ந்தால் வெளிநாட்டுப் பணம் உங்கள் கணக்குக்கு வரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியும் சிறு சங்கங்களுக்கு எளிதில் எட்டாது. அதை நேரடியாகப் பெறும் அறக்கட்டளை அல்லது சங்கத்துக்குப் பொதுவாக வருமானவரிச் சட்டப் பதிவுகள், மூன்றாண்டு அனுபவம், 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் எல்லாம் தேவை. இத்தனையும் உள்ள பெரிய அமைப்பு பணத்தை வாங்கித் தானே வேலையை நடத்துகிறது. ஊர்ச் சங்கம் ஆள் திரட்டிக் கொடுக்கும் துணையாகச் சுருங்கிப்போகிறது. எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். ஊரின் அறிவும் உழைப்பும் சேரும் இடத்தில் முடிவெடுக்கும் உரிமையும் சேர வேண்டும். நல்ல கூட்டமைப்பு தன் கீழுள்ள சங்கங்களுக்கு இந்தப் பதிவுகளை வாங்கிக் கொடுக்கப் பாடுபடும். மற்றவை, காலமெல்லாம் தம்மை அண்டியே இருக்கட்டும் என்று விட்டுவிடும்.

சேர்ந்தால் எங்கள் சுதந்திரம் போய்விடாதா?

துணைவிதியைப் படியுங்கள். உங்கள் சங்கத்துக்கு ஓட்டு இருக்கிறதா, பயனாளி என்ற பெயர் மட்டும்தானா? பொறுப்பாளர்கள் மாறுகிறார்களா? விலக வழி உண்டா? 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த அமைப்பு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவுசெலவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தக் கணக்கை உறுப்பினருக்குக் காட்டத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.

சேர்வதென்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே சேர்ந்துவிடுங்கள். உங்கள் ஊரில் தனியாக வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், தாழ்வான வீடுகள் ஆகியவற்றின் பட்டியலை எழுதி, ஒரு பிரதியை ஊராட்சிக் கூட்டமைப்பிடமும் ஒன்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் இப்போதே கொடுத்து வையுங்கள்.