பார்க்கும் கருவியும் காக்கும் செல்வமும்



இல்லந்தோறும் இன்று ஒரு புதுவகைச் செல்வம் சேர்ந்து கிடக்கிறது. பெற்றோரின் திருமணம், தங்கையின் காதணி விழா, தாத்தாவின் அறுபதாம் ஆண்டு நிறைவு, பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் நடித்த நாடகம் ஆகியவற்றைப் படமும் ஒலியுமாகப் பதிந்து வைத்த வீடியோப் பதிவுகளே அச்செல்வம். மறைந்த ஒருவரின் முகத்தை நிழற்படம் காட்டும். அவர் நடந்த நடையையும், சிரித்த சிரிப்பையும், நம்மைப் பெயர் சொல்லி அழைத்த குரலையும் இப்பதிவுகளே காட்டவல்லன. இவற்றைக் கூடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து காண்பதற்கு எத்தகைய மீடியா பிளேயர் ஏற்றது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"இதில் ஆராய என்ன இருக்கிறது? விலை உயர்ந்த ஒன்றை வாங்கினால் போதுமே!" என்று உங்களுள் சிலர் எண்ணலாம். விலை இங்கே நல்ல அளவுகோல் ஆகாது. கருவி வாழும் காலம் வேறு; பதிவு வாழ வேண்டிய காலம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே தேர்வின் முதற்படி.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். வி.எச்.எஸ். என்னும் வீடியோ கேசட் முறையை ஜப்பானிய நிறுவனமாகிய ஜேவிசி 1976ஆம் ஆண்டில் வெளியிட்டது. உலகெங்கும் அது பரவியது. நம் நாட்டுத் திருமணங்கள் பலவும் அந்நாடாக்களில் பதிவாயின. அக்கேசட்டுகளை ஓட்டும் கருவியைக் கடைசி வரையில் செய்துவந்ததாக அறியப்பட்ட ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. கேசட் அலமாரியில் இருக்கிறது. அதைப் பேசவைக்கும் கருவியோ அங்காடியில் இல்லை.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் மன்னர் 1086இல் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்து டூம்ஸ்டே ஏடு என்னும் தோல் ஏட்டில் எழுதச் செய்தார். அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் மக்களின் வாழ்க்கையைப் படங்களாகவும் எழுத்தாகவும் திரட்டி, லேசர் தட்டுகளில் புதிய டூம்ஸ்டே ஏடு ஒன்றை உருவாக்கிற்று. ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் கிடைத்தற்கு அரியன ஆயின. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிதும் உழைத்து, 2002இல் அதனைப் புதிய கணிப்பொறியில் படிக்கும் வழியைக் காட்டினர். பழைய தோல் ஏட்டை இன்றும் கண்ணாலேயே படிக்கலாம்!

இவற்றால் நாம் கொள்ளத்தக்க உண்மை யாது? கருவி பணியாள், தொகுப்பே தலைவன். பணியாள் மாறலாம், தலைவன் மாறலாகாது. ஆகவே தொகுப்பை அறிந்து அதற்கேற்ற கருவியைத் தேடுதல் வேண்டுமேயன்றி, கருவியை வாங்கிவிட்டு அதற்கேற்பத் தொகுப்பைச் சிதைத்தல் கூடாது.

இனி, தொகுப்பை அறிவது எவ்வாறு எனக் காண்போம். அஞ்சலில் வரும் கடிதத்தை எண்ணிப் பாருங்கள். மேலே உறை இருக்கிறது. உள்ளே ஒரு மொழியில் எழுதிய கடிதம் இருக்கிறது. வீடியோக் கோப்பும் அத்தகையதே. எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்பன உறைகளின் பெயர்கள். உள்ளே படத்தைச் சுருக்கி எழுதிய முறையே மொழி. உறை தெரிந்த உறையாக இருப்பினும், உள்ளிருக்கும் மொழியைக் கருவி கல்லாதிருந்தால் படம் தோன்றாது. அல்லது படம் மட்டும் தோன்றி ஒலி எழாது.

சுருக்கி எழுதுவது ஏன் என நீங்கள் கேட்கலாம். டி.வி.டி. முறையில் நம் நாட்டுப் படம் ஒன்றில் அகலவாட்டில் 720 புள்ளிகளும் உயரவாட்டில் 576 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள். எனவே வினாடிக்கு 1,03,68,000 புள்ளிகள்! இவற்றை அப்படியே எழுதி வைக்க இடம் ஏது? ஆதலின் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறிய பகுதிகளைப் பெரும்பாலும் குறித்து வைக்கும் முறையைக் கண்டனர். வீடியோ சி.டி.யில் எம்பெக்-1 என்னும் மொழி, டி.வி.டி.யில் எம்பெக்-2, பின்னர் 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.இ.வி.சி. என இவை வளர்ந்தன. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் பின்னிரண்டு மொழிகளில் எழுதுகின்றன. புதிய கருவிகளுள் சில, புதிய மொழிகளை நன்கு கற்றுப் பழைய மொழிகளைக் கைவிட்டிருத்தலும் உண்டு. பத்தாம் வகுப்புப் பாடம் தெரிந்து, இரண்டாம் வகுப்புப் பாடத்தை மறந்த மாணவனைப் போன்றவை அவை.

சரி, கருவிகள் எத்தனை வகை? நான்காகப் பிரித்துக் கூறுகிறேன்.

முதல் வகை, தொலைக்காட்சிப் பெட்டியே. அதன் பின்புறத்து யு.எஸ்.பி. துளையில் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். உங்கள் பதிவுகள் எல்லாம் ஓடினால் வேறு செலவு வேண்டா.

இரண்டாம் வகை, பெட்டியுடன் இணைக்கும் சிறு கருவிகள். ஆண்ட்ராய்டு டி.வி. வகைகள், ஆப்பிள் டி.வி. போன்றவை இதில் அடங்கும். இவற்றில் வி.எல்.சி., கோடி போன்ற இலவச மென்பொருள்களை நிறுவலாம். பாரிசு நகரை அடுத்த ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கியது வி.எல்.சி.; 2001இல் அதன் மூலநிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. மாணவர் செய்த தொண்டு இது என்பதை நீங்கள் நினைவிற் கொள்க. பழைய மொழிகளையும் புதிய மொழிகளையும் ஒருங்கே படிக்கவல்லவை இம்மென்பொருள்கள். ஆனால் ஆப்பிள் டி.வி.யில் பென் டிரைவ் செருகும் துளை இல்லை. வீட்டிலுள்ள இணைப்பு வலை வழியாகவே பதிவுகளை அதற்கு அனுப்ப வேண்டும். வாங்குமுன் இவ்வாறான செய்திகளை அறிதல் நன்று.

மூன்றாம் வகை, 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறி. கையால் செய்து கற்கும் ஆர்வமுடைய கல்லூரி மாணவர்க்கு இது ஏற்றது. நான்காம் வகை, ஓர் அறையிலுள்ள கணிப்பொறியில் எல்லாப் பதிவுகளையும் வைத்து, ஜெல்லிஃபின் போன்ற மென்பொருளால் வீட்டின் பல திரைகளுக்கும் வழங்கும் ஏற்பாடு. ஒரே ஒரு பெட்டியுள்ள இல்லத்திற்கு இது மிகை.

இவற்றுள் எதைத் தேர்வது? ஆசிரியனாகிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றே: தேர்வு வைத்துப் பார்ப்பது. உங்கள் தொகுப்பின் ஒவ்வொரு வகையிலும் ஒரு சிறு பதிவைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அதுவே வினாத்தாள். கருவி ஐந்து வினாக்களுக்கு விடை கூறட்டும்.

முதல் வினா: எல்லாப் பதிவுகளும் படமும் ஒலியுமாக ஓடுகின்றனவா?

இரண்டாம் வினா: முகங்கள் இயல்பான வடிவில் உள்ளனவா? பழைய படம் 4க்கு 3 என்ற அளவினது. இன்றைய திரை 16க்கு 9. திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் மெலிந்த பாட்டியும் பூசணிக்காய் போலத் தோன்றுவார். இரு பக்கமும் கருமையாக இருப்பது குறையன்று, அதுவே முறை.

மூன்றாம் வினா: அசைவு தெளிவாக உள்ளதா? பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படைக் கோடுகள் ஓர் அரை, இரட்டைப்படைக் கோடுகள் ஓர் அரை என இரு கூறாகப் பதிவாயிற்று. இவற்றை இணைக்கத் தெரியாத கருவியில், ஓடும் குழந்தையின் ஓரமெல்லாம் சீப்பின் பல் போலத் தெரியும்.

நான்காம் வினா: பெரிய கோப்பை ஏற்கிறதா? மினி டி.வி. நாடாவிலிருந்து எடுத்த ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிகாபைட் ஆகும். பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 என்னும் முறையில் அமைந்திருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு அதில் அடங்காது. வேறு முறையில் அமைந்த டிரைவைக் கருவி படிக்கிறதா எனக் காண்க.

ஐந்தாம் வினா: இணைய இணைப்பைத் துண்டித்த பிறகும் வேலை செய்கிறதா? நம் வீட்டுத் திருமணத்தை நாம் காண எங்கோ உள்ள நிறுவனத்தின் இசைவு வேண்டுமானால், அந்நிறுவனம் கடையை மூடும் நாளில் நம் கதவும் மூடப்படும்.

இவற்றோடு, ரிமோட்டைப் பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் பிறர் உதவியின்றிப் பேத்தியின் காதணி விழாவைக் கண்டெடுத்தால் அக்கருவி தேறியது என்று கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு கருவியில் ஓடவில்லை என்பதற்காக மூலப் பதிவை மாற்றி எழுதிவிடாதீர்கள். உறையை மட்டும் மாற்றினால் இழப்பில்லை. மொழியை மாற்றிச் சுருக்கும்போதெல்லாம் படத்தின் நுட்பம் குறைகிறது. நகலுக்கு நகல் எடுத்தால் எழுத்து மங்குவதைப் போன்றது அது. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தம் திருமணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கினார். அகலத் திரையை நிரப்ப வேண்டிப் படத்தின் மேலையும் கீழையும் வெட்டிவிட்டார்கள். மணமக்களை வாழ்த்த நின்ற முதியோரின் நெற்றிகள் போயின. மீண்டும் எடுக்கலாம் என்றால், கேசட்டை வீட்டார் குப்பையில் எறிந்துவிட்டனர். அந்த முதியோருள் இன்று ஒருவரும் இல்லை. இனி அக்காட்சியை எந்த விலை கொடுத்தும் வாங்க இயலாது.

ஆகவே, வரும் விடுமுறையில் நீங்கள் செய்யத்தக்க பணி ஒன்று கூறுகிறேன். வீட்டிலுள்ள கேசட், தட்டு, கைப்பேசிப் பதிவு அனைத்துக்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். நாடாக்களை முதலில் கோப்பாக மாற்றுங்கள். அவை முதுமை அடைகின்றன. மூலத்தை வெட்டாமல், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் ஒப்படையுங்கள். பிறகு பெரியோரை அருகில் அமர்த்திப் பதிவுகளை ஓட்டி, திரையில் தோன்றுவோர் யார் யார் எனக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதி வைக்கப்படாத முகம் அடுத்த தலைமுறைக்கு அயலார் முகமே. கருவியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம். பெயர் சொல்லத் தெரிந்தவரோ இன்று நம்முடன் இருக்கிறார். அவரிடம் இன்றே கேளுங்கள்.