விடைச்சேவல்களின் பூசலும் அதனை அடக்கும் முறையும்

பத்துக் குஞ்சுகள் பொரித்தால் அவற்றுள் ஏறக்குறையப் பாதி சேவலாக அமைவது இயற்கை. தாயின் சிறகுக்குள் ஒண்டிக் கிடந்த அக்குஞ்சுகளே நான்கைந்து மாதங்களில் கொண்டை சிவந்து, உடைந்த குரலில் கூவப் பழகி, ஒன்றையொன்று குருதி வடியக் கொத்திக்கொள்கின்றன. பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தோப்பு வீடாயினும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், உடும்பன்சோலை மலைகளின் எஸ்டேட் லயமாயினும், நம்மவர் வளர்க்கும் ஏழெட்டுக் கோழிகளுக்குள் இப்பூசல் தோன்றாத ஆண்டில்லை.

லயத்து வாழ்க்கையில் இதனைச் சிறு தொல்லை என ஒதுக்க இயலாது. கொழுந்து பறிக்கச் சென்ற தாய் திரும்பும் வரை குழந்தைகளும் கோழிகளும் ஒரே முற்றத்தில் திரிகின்றன. சேவல் எம்பிப் பாயும் உயரத்தில்தான் மூன்று வயதுக் குழந்தையின் கண்ணும் இருக்கிறது. காயம்பட்டது பக்கத்து வீட்டுக் குழந்தையானால், சுவரொன்றே நடுவிலுள்ள இரு குடும்பங்களின் பேச்சுவார்த்தை பல மாதங்கள் நின்றுபோகவும் கூடும்.

இச்சினத்தின் காரணம் யாது? ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து அறிஞர் பெர்த்தோல்டு 1849-இல் இளஞ்சேவல்களின் விதைகளை நீக்கிப் பார்த்தார். கொண்டை சுருங்கிற்று, கூவலும் சண்டையும் ஓய்ந்தன. விதையை வயிற்றினுள் மீண்டும் பொருத்தியபோது அனைத்தும் திரும்பி வந்தன. ஆகவே, பருவம் எய்துங்கால் விதையில் ஊறும் சுரப்புநீரின் வேலையே இது, வளர்ப்பவரின் குற்றமன்று. நார்வே நாட்டு ஷெல்டரூப் எப்பே என்பார், கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு படிவரிசை உண்டென 1920-களின் தொடக்கத்தில் எழுதினார். அவர் ஜெர்மன் மொழியில் வழங்கிய சொல்லை நாம் 'கொத்து வரிசை' எனலாம். அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை! நம் முன்னோரும் இதனைக் கவனியாமல் இல்லை. விலக்குவார் இன்றிக் குப்பைமேட்டில் போரிடும் கோழியை உவமையாக்கியதனாலேயே, குறுந்தொகைப் புலவர் ஒருவர் குப்பைக் கோழியார் எனப் பெயர் பெற்றார்.

விலக்குவார் இருந்தால் என்ன செய்யலாம் என்பதே நம் கேள்வி. முதலாவது எண்ணிக்கை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நான்கு பெட்டைகளுக்கிடையே மூன்று சேவல் நின்றால், ஓயாமல் மிதிபட்டுப் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து தோல் கிழியும், முட்டையும் குறையும். முட்டையிடுவதற்குச் சேவலே தேவையில்லை என்பதைப் பலர் நம்புவதில்லை. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். சேவல் சேராத முட்டை வெயில் காலத்திலும் எளிதில் கெடாது. ஆயினும் பருந்தையோ கீரியையோ கண்டவுடன் குரல் கொடுத்துக் கூட்டத்தை ஒளியச் செய்வது சேவலே. ஆதலின் ஒன்றை வைத்துக்கொள்ளுதல் நன்று. அந்த ஒன்று எது? உருவத்தில் பெரியதை நோக்காதீர். தீனி கண்டால் பெட்டைகளை அழைத்து உண்ணவிட்டுத் தான் பின்னிற்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எஞ்சியவற்றை விற்கும் வரை பெட்டைகளின் கண்ணுக்கு எட்டாத வேறொரு கூட்டில் அடைப்பது நலம். பெட்டையைக் காணாவிடில் இளஞ்சேவல்கள் பெரும்பாலும் ஒற்றுமையாகவே இருக்கும். தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, தோற்ற பறவை பதுங்குவதற்கு ஒரு மறைவும் அமைத்தால் சண்டை நீளாது. குருதி கசியும் பறவையை உடனே பஞ்சாரத்தின்கீழ்த் தனியே கவிழ்த்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும்.

மனிதர்மீது பாயும் சேவலிடம் நாம் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, பயந்து ஓடுதல். தான் வென்றதாக அது கருதும். மற்றொன்று, உதைத்தலும் கம்பால் அடித்தலும். போருக்கு அழைத்ததாகவே அது கொள்ளும். பதறாமல் நின்று, சிறகுகளை உடலோடு சேர்த்துப் பிடித்து, அக்குளில் இடுக்கியபடி அது அடங்கும் வரை சில நிமிடம் நடந்து, பின் மெல்ல இறக்கிவிடுக. பல நாள் இவ்வாறு செய்தால் சில சேவல்கள் திருந்தும். சில ஒருபோதும் திருந்தா. குழந்தைகள் உள்ள வீட்டில் அத்தகையதை ஒரு நாளும் வைத்திருத்தல் ஆகாது. சேவற்குஞ்சை மடியில் வைத்துச் செல்லமாகக் கையால் ஊட்டி வளர்ப்பதும் வேண்டா. மனிதரிடம் அச்சம் நீங்கியதே வளர்ந்தபின் முதலில் பாய்கிறது. முள் குத்திய காயத்தைச் சோப்பிட்டு நன்கு கழுவி, ஏற்பு நோய்க்குரிய ஊசி குறித்து மருத்துவரைக் கேட்க வேண்டும். கண்ணில் பட்டதாயின் கைவைத்தியம் கூடவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்க.

விற்கும்போது ஒரு சொல். மலையாளத்தில் சேவலைப் 'பூவன்' என்றும் பெட்டையைப் 'பிட' என்றும் கூறுவர். சந்தையில் இது தெரியாமல் ஏமாந்தோர் உண்டு. சினமிக்க சேவலுக்கு மிகுந்த விலை தருவதாகச் சிலர் தேடி வருவர். சேவற்கட்டுக்கே அவர்கள் வாங்குவது. விலங்குகளையும் பறவைகளையும் போரிடத் தூண்டுதல், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். கோவில் வளாகத்தில் பலியிடுவதைத் தடுக்கவும் கேரளத்தில் 1968-இல் சட்டம் இயற்றப்பட்டது. குலதெய்வத்திற்கு நேர்ந்துவிட்ட சேவல் வீட்டில் வளர்வதாயின் இதனையும் அறிந்திருக்க வேண்டும்.