பயிற்சிப் பிள்ளையின் ரிப்ஸ் காசு

அழகுக்கலை நிலையங்களிலும் உணவகங்களிலும் "பழக வந்த பிள்ளை" என்றொரு வகை உண்டு. நியமனக் கடிதமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் தலைமுடி கழுவிவிடுவதும் மெஹெந்தி போடுவதும் மேசை துடைப்பதும் இந்தப் பிள்ளைதான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இவளுடைய கைக்குள் நூறோ ஐந்நூறோ வைத்துவிட்டுப் போவார்கள்.

குடும்ப விபரம் எடுப்பதற்காகச் சுன்னாகப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தாய் முந்திக்கொண்டார்: "மகளுக்கு வருமானம் இல்லை எண்டு போடுங்கோ மிஸ். அவள் பழகத்தானே போறாள்." மகளோ மெதுவாகக் கேட்டாள்: "ரிப்ஸ் வருது மிஸ். அதுவும் வருமானமோ?"

வருமானந்தான் பிள்ளை. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் ஊழியம், வியாபாரம், முதலீடு ஆகியவற்றோடு "ஏனைய வருமானம்" என்ற ஒன்றையும் சொல்கிறது. தற்செயலாக வந்து மீண்டும் வராத காசு மட்டும் அதில் சேராது. நாள்தோறும் செய்த வேலைக்காக வருகிற ரிப்ஸைத் தற்செயல் என்று சொல்ல முடியுமா? சித்திரைப் புத்தாண்டுக்குப் பெரியம்மா தருகிற கைவிசேஷம் வேறு விஷயம். அது ஆளுக்காகத் தருவது, வேலைக்காக அல்ல. 1947 இல் இங்கிலாந்தில் ஒரு வாடகைக் கார்ச் சாரதியின் வழக்கிலும் நீதிமன்றம் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தது: வழமையான ரிப்ஸ் வரிக்குரிய வருமானம், பழக்கப்பட்ட ஒருவர் நத்தாருக்கு அன்பாகத் தருவது அன்பளிப்பு.

வரி என்றதும் தாயின் முகம் மாறிவிட்டது. கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒரு நாளைக்கு 400 ரூபா, மாதம் 25 நாள் என்றால் 10,000. வருடத்துக்கு ஓர் இலட்சத்து இருபதினாயிரம். 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கு வருடம் 18 இலட்சம் வரை வருமான வரி கிடையாது. ஆக, சொல்வது ஒன்று, வரி கட்டுவது இன்னொன்று.

தாயின் உண்மையான பயம் வரியல்ல, அஸ்வெசும. மாதாமாதம் வங்கிக்கு வரும் அந்தக் காசிலேதான் அந்த வீட்டில் அரிசி வாங்குகிறார்கள். 2025 தொடக்கம் வறியோருக்கு 10,000, மிக வறியோருக்கு 17,500 ரூபா. அதை இழப்பதென்பது சின்ன விஷயமல்ல, "பயப்படாதீர்கள்" என்று நான் இலேசாகச் சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அத்திட்டம் கையில் வரும் காசை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அங்கத்தவர் என ஆறு பக்கமாகப் பார்க்கிறது. 2023 இல் பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது மேன்முறையீட்டோடு ஆட்சேபனைகளும் கோரப்பட்டன. அயலில் உள்ள ஒருவர் எழுதிப்போட்ட பிறகு விதானையாரிடம் போய் விளக்குவதைவிட, முதலிலேயே உள்ளதைச் சொல்வது நல்லது. மழைக்காலத்தில் ரிப்ஸ் குறைவு, திருவிழாவில் கூட என்ற உண்மையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நல்ல மாதத்துக் கணக்கை மட்டும் சொன்னால் வருடம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிடுவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. "ரிப்ஸ் வருகுதுதானே, பிறகேன் உதவிப்பணம்?" என்று கேட்கும் முதலாளிமாரைக் கண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் தருவது முதலாளி தர வேண்டியதற்கு ஈடாகுமா? காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வேலை வாங்கிக்கொண்டு ஒரு வருடமாகியும் "பழகுகிறாள்" என்பது எந்த நியாயம்? ஊதியம் பெறும் தொழில்பயிலுநருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. முதலாளி பங்கு 12 வீதம், அவர் பங்கு 8 வீதம். ஊதியமே இல்லையென்றால் அதுவும் இல்லை. பிரித்தானியாவில் ரிப்ஸைத் தொழிலாளருக்கு நியாயமாகப் பங்கிடவேண்டும், முதலாளி பிடித்துவைக்கக்கூடாது என்று 2023 இல் சட்டம் இயற்றி 2024 ஒக்டோபரிலிருந்து நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். அங்கேயே அதற்கு இவ்வளவு காலம் பிடித்தது.

ஆகவே பிள்ளைகளே, ஒரு சிறு கொப்பி வாங்குங்கள். திகதி, வேலை, கிடைத்த தொகை, போக்குவரத்துக்குச் செலவானது என நான்கு கோடு கீறினால் போதும். முதலாளி பங்கு எடுத்தால் அதையும் எழுதுங்கள். ரிப்ஸ் பெட்டியைப் பிரிக்கும் இடமென்றால் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். நாளைக்குச் சொந்தமாக ஒரு நிலையம் போடக் கடன் கேட்டுப் போனால், வங்கிக்காரர் முதலில் கேட்பது "இதுவரை என்ன உழைத்தீர்கள்?" என்பதுதான். சுன்னாகத்துப் பிள்ளை இப்போது எழுதுகிறாள். முதல் மாதத்தில் 7,350 ரூபா. தாய் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவோ!" என்றாராம்.