நுளம்பும் கணிதமும்

நோயாளி ஒருவரின் உடலில் நோய் செய்யும் மாற்றங்களை ஆராய்வது மருத்துவம். மக்கட் கூட்டமொன்றில் அந்நோய் பரவும் முறையையும் தணியும் முறையையும் ஆராய்வது தொற்றுநோயியல். இவற்றுட் பின்னதற்குக் கணித அடிப்படை அமைத்தோருள் முன்னிற்பவர் சேர் றொனால்ட் றொஸ். நுளம்பு மலேரியாவைக் காவுகின்றதெனக் கண்டவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகஞ் செய்கின்றன. ஆயின், அக்கண்டுபிடிப்பின் பின்னர் அவர் ஆராய்ந்த வினா அதனினுஞ் சிறப்பிற் குறைந்ததன்று.

1857 இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோறாவிற் பிறந்த றொஸ், இலண்டனில் மருத்துவங் கற்று, 1881 இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்தார். கணிதத்தைத் தாமாகவே விரும்பிப் பயின்றார். மலேரியா ஒட்டுண்ணி மனிதக் குருதியில் உண்டென்பதை 1880 இலேயே பிரெஞ்சு மருத்துவர் லவறான் கண்டிருந்தார். அது ஒருவரிடமிருந்து மற்றவரை எவ்வாறு அடைகின்றது என்பது மட்டும் விளங்கவில்லை. நுளம்புக்கு இதிற் பங்குண்டென்னும் கருத்தை 1894 இல் பற்றிக் மான்சன் அவருக்கு எடுத்துரைத்தார். இந்தியா மீண்ட றொஸ், நுளம்புகளை ஒவ்வொன்றாக அறுத்து நெடுங்காலஞ் சோதித்தும் பயன் காணவில்லை. ஈற்றில் 1897 ஓகஸ்ட் 20 ஆம் நாள், செகந்தராபாத்தில், மலேரியா நோயாளியின் குருதியை உண்ட அனோபிலிசு நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளைத் தாக்கும் மலேரியாவைக் கொண்டு, ஒட்டுண்ணி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுதலை மெய்ப்பித்தார். அவ்வாண்டிலேயே இத்தாலிய அறிஞர் கிறாசியும் அவருடன் உழைத்தோரும் இவ்வுண்மையை மனிதரிடத்து நிலைநாட்டினர். 1902 இல் றொஸ் நோபெல் பரிசு பெற்றார்.

நுளம்பைக் குறைத்தால் மலேரியா குறையும் என்பது அவர் கொள்கை. சுயெசுக் கால்வாயையடுத்த இசுமாயிலியா நகரில் தேங்குநீர் அகற்றப்பட்டபோது நோய் பெரிதும் தணிந்தது. ஆனால், லாகூருக்கு அண்மையிலுள்ள மியான்மீர் படைமுகாமில் அம்முறை பயனளிக்கவில்லையென அதனை நடத்தியோர் அறிவித்தனர். நுளம்புகள் அனைத்தையும் அழித்தல் இயலாது. ஆதலின் அவற்றைக் குறைக்கச் செலவிடுவதும் வீண் என்பது எதிர்ப்போர் வாதம். இது ஏட்டளவில் நின்ற வாதமன்று. அதனை ஏற்றால் நோய்வாய்ப்பட்ட ஊர்களைக் கைவிடுவதன்றி வேறு வழியில்லை.

இவ்வாதத்தை றொஸ் கணிதத்தாலே எதிர்கொண்டார். சிறியதோர் இடத்தை மட்டும் துப்புரவாக்கின் அயலிலிருந்து நுளம்புகள் வந்து நிரம்பும் என்பதை 1904 இல் விளக்கினார். மொறீசியசுத் தீவில் மலேரியாவை ஆராய்ந்து 1908 இல் எழுதிய அறிக்கையிலும், 1911 இல் விரிவாக்கிய மலேரியாத் தடுப்பு நூலிலும் நோய்ப்பரவலைச் சமன்பாடுகளாக அமைத்தார். அவற்றின் உட்பொருள் எளியது. நோய் பரவ வேண்டுமாயின், நுளம்பு முதலில் நோயாளியைக் கடித்தல் வேண்டும். ஒட்டுண்ணி முதிரும்வரை, ஏறக்குறைய பத்து நாளோ அதற்கு மேலோ, அது உயிர்வாழ்தல் வேண்டும். பின்னர் நோயற்ற ஒருவரைக் கடித்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கும் நுளம்புகள் மிகச் சிலவே. ஆகவே, மக்கள் தொகையோடு ஒப்பிட நுளம்புகள் போதிய அளவு இல்லாதவிடத்து நோய் நிலைபெறாது.

எடுத்துக்காட்டாக, 100 நோயாளர் குணமடைவதற்குள் அவர்களால் 90 பேருக்கே நோய் தொற்றுகின்றதெனக் கொள்வோம். அந்த 90 பேரால் 81 பேருக்கும், அவர்களால் ஏறக்குறைய 73 பேருக்கும் தொற்றும். இவ்வாறு தேய்ந்து நோய் அற்றுப்போம். நுளம்போ ஊரில் இருந்துகொண்டேயிருக்கும். நுளம்பை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓரெல்லைக்குக் கீழே குறைத்தாற் போதும் என்பதே றொஸ் கண்ட விடை.

1916, 1917 ஆம் ஆண்டுகளில் கில்டா கட்சன் என்னும் கணித அறிஞருடன் சேர்ந்து இவ்வாய்வை எல்லாத் தொற்றுநோய்களுக்கும் பொதுவாக்கினார். 1901 இல் அவருடன் சியேரா லியோன் சென்ற மக்கென்றிக், கேர்மக் என்பாருடன் இணைந்து 1927 இல் அதனை மேலும் வளர்த்தார். 1950 களில் யோர்ச் மக்டொனல்ட், நுளம்பின் தொகையினும் அதன் ஆயுளைக் குறைத்தலே கூடிய பயன் தருமெனக் காட்டினார். 1932 இல் மறைந்த றொஸ் இவ்வளர்ச்சி முழுவதையுங் கண்டாரல்லர். முதன்மை யாருக்கென்று கிறாசியுடன் நிகழ்ந்த நீண்ட பூசல் அவர் வாழ்வைக் கசப்பாக்கியதும் மறைத்தற்குரியதன்று.

அவர் கொள்கையின் உண்மைக்கு இலங்கையும் ஒரு சான்று. 1963 இல் இங்கு பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததெனக் காவல் தளர்ந்தபின், 1969 இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. தளராத பணியின் பயனாக 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அனோபிலிசு நுளம்பு இன்னும் இங்குண்டு. பிறநாடுகளிலிருந்து நோயுடன் வருவோரும் உளர். அவர்களை உடன் கண்டறிந்து குணப்படுத்துவதனாலேயே நோய் அவ்வெல்லையைத் தாண்டாதிருக்கின்றது. எனவே, நோயாளர் தொகை மிகச் சிறிதாகுங் காலத்திலேயே எண்ணுவோரின் பணி மிக வேண்டப்படுகின்றது.