ஹார்ட் டிஸ்க் பழுதா, கேபிள் பழுதா?

என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பிதான். (2014-ல் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியதிலிருந்து இன்டர்நெட் இணைப்பு கொடுப்பதில்லை.) திடீரென்று அது பூட் ஆகவே பத்து நிமிடம் எடுத்தது. "ஹார்ட் டிஸ்க் போச்சு சார், மாத்திடுங்க" என்றார் சர்வீஸ்காரர். மறைந்த என் அப்பாவின் போட்டோக்கள் அதில் மட்டுமே இருந்தன.

முதலில் அவற்றை பென் டிரைவில் காப்பி செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். செக்டிஸ்க் எல்லாம் பிறகுதான். டிஸ்க் உண்மையிலேயே பழுதாகியிருந்தால் அந்தச் சோதனையே அதை முடித்துவிடலாம்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்தேன். அல்ட்ரா டிஎம்ஏ இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ மோட்! தகவல் பரிமாற்றத்தில் 6 முறை பிழை சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே இந்த மெதுவான முறைக்கு இறங்கிவிடும். பிறகு டிஸ்க் வேலை முழுவதும் பிராசஸர் தலையில்தான்.

ஏன் பிழை? டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். கெட்டுப்போன செக்டர்களைக் காட்டும் 05, சி5 இரண்டும் பூஜ்யம். சி7 மட்டும் எகிறியிருந்தது. அது பெரும்பாலும் கேபிள் கோளாறு.

பவரை அணைத்து, புதிய 80 கம்பி ஐடிஇ கேபிளை மாட்டினேன். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்ததும் பழைய வேகம் வந்தது. சி7 எண் குறையவில்லையே என்று பயப்படாதீர்கள். அது குறையாது, மேலும் ஏறாமல் இருந்தால் போதும். சி5 ஏறினால் மட்டும் புது டிஸ்க் வாங்கிவிடுங்கள்.