உங்களுக்குத் தெரியுமா?

கிளிநொச்சிக்கு எழுத்து 5. கைத்தொலைபேசிக்கோ அது 10!

• கைத்தொலைபேசி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் 'க' ஒரு குறியீடு. 'கி' ஆக்கும் இகரக் குறி இன்னொன்று. 'ச்' மேலுள்ள புள்ளிக்கும் தனிக் கணக்கு. முல்லைத்தீவு: 6 எழுத்து, 12 குறியீடு. வவுனியாதான் சிக்கனம், 7.

• 'நொ'வில் கண் முதலில் காண்பது கொம்பை. கருவி முதலில் சேமிப்பதோ 'ந'வை. கொம்பும் காலும் வழக்கமாக ஒரே குறியீடாய்ப் பின்னால் நிற்கும். திரையில் வரையும்போதுதான் கொம்பு முன்னுக்குத் தாவுகிறது.

• ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். ஒரேயொரு தமிழ் எழுத்தோ இமோஜியோ நுழைந்தால் போதும், வரம்பு 70 குறியீட்டு இடங்கள் ஆகிவிடும். அநேக இமோஜிகள் அதிலும் இரண்டு இடம் பிடிக்கும். (இடைவெளியே விடாவிட்டாலும் கிளிநொச்சி ஏழு தடவைதான்!)