கையோடு வரும் தொழில்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் முந்தைய தலைமுறையினருக்கு உடையவர் ராமானுஜரின் அவதார ஸ்தலம் நினைவுக்கு வரும். 1991ஆம் ஆண்டின் துயரத்தை அறிந்தவர்களுக்கு ராஜீவ் காந்தியின் நினைவிடம் தோன்றும். ஆனால் இன்று ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு ஊரில் காத்திருக்கும் வாலிபனுக்கும், பிளஸ் டூ தேறிவிட்டு மேற்படிப்புக்கு வகையில்லாமல் நிற்கும் பெண்ணுக்கும் அது வேலை கிடைக்கும் இடம், அவ்வளவே. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியது தொடங்கி, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று தமிழக அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டை எல்லை விரிந்துகொண்டே போய், 2010இல் ரெனோ–நிஸ்ஸான், 2012இல் டைம்லர், பின்னர் ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று ஆலைகள் வரிசையாக எழும்பி, ஏரியும் வயலுமாக இருந்த அந்தப் பிரதேசம் ஷிப்ட் பஸ்கள் இரவும் பகலும் ஓடும் பிரதேசமாகிவிட்டது.

வேலை கிடைத்த செய்தியை ஊரைக் கூட்டிச் சொல்கிறவர்கள், வேலை போன செய்தியை வீட்டுக்குள்ளேயே தணிந்த குரலில்தான் பேசுவார்கள். ஆயினும் இந்த வட்டாரத்தின் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும் 2014ஆம் ஆண்டைத் தாண்டிச் சென்றுவிட முடியாது. 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கி, உச்ச காலத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடியாக வேலை கொடுத்து, உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்று என்று பெயர் பெற்றிருந்த நோக்கியா, 2013இல் வருமான வரி வழக்கில் சிக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தன் கைப்பேசி வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்க அது சம்மதித்தபோது, சொத்துக்கள் முடக்கப்பட்டிருந்த காரணத்தால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேராமல் நின்றுவிட்டது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கு முடித்துக்கொண்டு வெளியேறினர். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.

அந்தக் கட்டடத்துக்குப் பிற்பாடு நல்ல காலம் பிறந்தது. 2019இல் சால்காம்ப் நிறுவனம் அதை வாங்கி, மறு ஆண்டே சார்ஜர் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. ஃபாக்ஸ்கானும் ஐபோன் தயாரிப்பின் மூலம் முன்னிலும் பெரிய அளவில் தலையெடுத்தது. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் லைனில் சேர்ந்து, பாகம் பொருத்துவதிலோ சோதனை பார்ப்பதிலோ ஒரே ஸ்டேஷனில் ஏழெட்டு வருஷம் கை பழகி, கல்யாணமும் கடனும் சேர்ந்த பருவத்தில் வெளியே வந்தவர்களுக்கு அப்படி ஒரு மறுவாழ்வு தானாக வந்து சேரவில்லை. அவர்களுடைய திறமையில் குறைவில்லை. அந்தத் திறமை அந்த ஆலையின் யந்திரங்களோடு பிணைந்த திறமையாக இருந்ததுதான் சங்கடம். பக்கத்தில் மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2021 செப்டம்பரில் மூடல் அறிவிப்பு வெளியிட்டு, மறு ஆண்டில் கார் உற்பத்தியை நிறுத்தியபோதும், 2025இல் ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த பங்கை நிஸ்ஸான் ரெனோவுக்கே விற்றபோதும், ஆலைகளின் விதி தொலைதூர நகரங்களில் நிர்ணயமாகிறது என்ற உண்மை மறுபடியும் விளங்கிற்று.

வேலை இழந்தவன் மறுபடி தொடங்குவதற்கு உலகம் எத்தனையோ வழிகளைக் கண்டிருக்கிறது. அவற்றுள் விசித்திரமான ஒன்று, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களின் பட்டதாரிகள் கைக்கொண்ட வழி. சொந்த ஊரில் உத்தியோகம் போனவரும், கிடைக்காதவரும் ஒரு பெட்டியோடு ஜப்பானுக்குப் பிரயாணமாகி, தாம் பிறந்தது முதல் பேசிவந்த ஆங்கிலத்தையே அங்கே கற்பித்து ஜீவனம் செய்யலாயினர். ஜப்பானிய அரசு 1987இல் ஜெட் என்ற திட்டத்தைத் தொடங்கி, அயல்நாட்டு இளைஞர்களை அரசுப் பள்ளிகளில் உதவி மொழி ஆசிரியர்களாக நியமித்தது. 2011இல் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலப் பயிற்சி கட்டாயமாகி, 2020இல் அது முழுப் பாடமாகவே உயர்ந்தது. இவற்றுக்கு வெளியே, ரயில் நிலையங்களைச் சுற்றி உரையாடல் பள்ளிகள் என்னும் தனியார் வியாபாரமும் பெருகியிருந்தது.

இந்த வழி நமக்கும் உண்டா என்று ஒரகடத்து வாலிபர் ஒருவர் கேட்டால், சட்டத்தை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியருக்குரிய விசாவில் மொழி கற்பிக்க வருகிறவர், எந்த மொழியைக் கற்பிக்கிறாரோ அந்த மொழியிலேயே பன்னிரண்டு வருஷம் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது ஜப்பானின் நிபந்தனை. உரையாடல் பள்ளிகளுக்குரிய விசாவுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்பு வேண்டும். எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்துப் பட்டமும் பெற்ற தமிழருக்கு ஆகவே கதவு அடைபடவில்லை. ஆனால் கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து, டிப்ளமோவோடு லைனுக்கு வந்தவருக்கு, அவர் எவ்வளவு சுத்தமாக ஆங்கிலம் பேசினாலும், இந்த வழி அடைபட்டதே. வட்டாரத்தின் தொழிலாளரில் மிகப் பெரும் பகுதியினர் இந்த இரண்டாம் வகையினர்தாம்.

திறந்த கதவின் வழியே போனவர்களும் நிரந்தரமாக நிம்மதியடைந்துவிடவில்லை. ஜப்பானின் உரையாடல் பள்ளிகளில் மிகப் பெரியதாக விளங்கிய நோவா, மாணவரிடமிருந்து பல மாதப் பாடங்களுக்கான கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வளர்ந்த ஸ்தாபனம். இடையில் விலகுவோருக்குப் பணம் திருப்பித் தரும் கணக்கு முறை செல்லாது என்று 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஜூனில் புதிய ஒப்பந்தங்களில் ஒரு பகுதியை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும்படி அரசு கட்டளையிட்டது; சம்பளம் தாமதமாயிற்று; அக்டோபரில் நிறுவனம் நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்தது. ஆயிரக்கணக்கான அயல்நாட்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் வேலையற்றவரானார்கள். வீட்டு வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட நிறுவனம் அதை வீட்டுக்காரரிடம் சேர்க்காமல் விட்டதனால், தங்குமிடத்தை இழக்கும் நிலையும் சிலருக்கு நேர்ந்தது. பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சாப்பாடு பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கம் செய்ய வேண்டியதாயிற்று. ஏழு ஆண்டு கழித்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு: அந்த ஆசிரியர்கள் இழந்தது முதலாளியை, தொழில் அவர்கள் நாவிலேயே இருந்தது. பலர் மற்றொரு பள்ளியிலோ, தனிப்பட்ட மாணவரிடமோ அதே மொழியைக் கொண்டு மறுபடி சம்பாதிக்க முடிந்தது.

இந்த வேற்றுமையே நம் வட்டாரத்துக்கு உரிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலம் கற்பிக்கும் வழி நம்மவரில் பெரும்பாலோருக்கு இல்லையென்றால், ஜப்பானியம் கற்கும் வழி அவர்களுக்கு நன்றாகத் திறந்திருக்கிறது. அந்த தேசத்தில் 2024இல் பிறந்த குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. முதியோரைப் பேணவும், ஆலையை ஓட்டவும், கட்டடம் எழுப்பவும் ஆள் இல்லை. எனவே 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்’ என்னும் விசாவைத் தொடங்கி, 2024 முதல் ஐந்தாண்டுகளில் 8,20,000 பேர் வரை இதில் அனுமதிக்கலாம் என்று அந்த அரசு 2024இல் நிர்ணயித்தது. இந்தியாவோடு இதற்கான உடன்படிக்கை 2021 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. 2025 ஆகஸ்டில் இரு தேசத்துப் பிரதமர்களும் சந்தித்தபோது, ஐந்தாண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறனாளர்கள் ஜப்பானுக்குச் செல்வதை இலக்காக அறிவித்தனர்.

இந்த விசாவுக்குப் பட்டம் தேவையில்லை; பயிற்று மொழியையும் யாரும் கேட்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். துறைக்குரிய திறன் தேர்விலும், அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்விலும் தேற வேண்டும். மொழித் தேர்வு என்பது பொதுவாக, ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்-4 நிலை, அல்லது அதற்கு ஈடான வேறொரு தேர்வு. முதியோர் பராமரிப்புக்கு அத்துறைக்கென்று தனி மொழித் தேர்வும் சேர்ந்து வரும். அதே வேலையைச் செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தரவேண்டும் என்பது விதி. முதல் வகையில் மொத்தம் ஐந்து வருஷம் தங்கலாம், ஆனால் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. மேலும் தேர்ச்சி பெற்று இரண்டாம் வகைக்கு உயர்ந்தவர் மனைவி மக்களோடு வாழலாம். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஐந்து வருஷம் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு எந்த அரசும் பதில் சொல்லாது. அதைக் குடும்பந்தான் தீர யோசிக்க வேண்டும். எல்லாத் துறைகளுக்கும் திறன் தேர்வு இந்தியாவிலேயே நடப்பதில்லை. தம் துறைக்கு இங்கே தேர்வு உண்டா என்று விசாரித்துக்கொண்ட பிறகே பணம் கட்டிச் சேர வேண்டும்.

ஜப்பானியம் கடினம் என்று அஞ்சுவோர் பலர். இரண்டு அசை எழுத்து வரிசைகளும், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துக்களும் முதலில் மலைப்பைத் தருவது மெய்தான். ஆனால் வாக்கிய அமைப்பில் தமிழனுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது: எழுவாய் முன்னே, வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே, பெரியவரிடம் ஒரு விதமாகவும் சிறியவரிடம் வேறு விதமாகவும் பேசும் மரியாதை வழக்கு. இந்த ஒற்றுமைகளைக் கண்டு வியந்த ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவே உண்டு என்று நிறுவ முயன்றார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஒப்பவில்லையென்றாலும், அந்த ஒற்றுமை கற்கிறவனுக்குச் செய்யும் உதவிக்கு அவர்களுடைய சம்மதம் வேண்டியதில்லை. அன்றியும் கைசென், கன்பான், கெம்பா, போக்கா யோக்கே என்பவை நம் ஷாப் ஃப்ளோரில் தினமும் புழங்கும் சொற்கள். ஒரகடத்துத் தொழிலாளி தாம் அறியாமலே அந்த மொழிக்குள் ஓரடி வைத்தவர்தாம்.

என்-4க்கு ஏறக்குறைய நிகரான பழைய மூன்றாம் நிலைத் தேர்வுக்கு 300 மணி நேரப் படிப்பும், 300 கான்ஜியும், 1,500 சொற்களும் அளவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஷிப்ட் முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வருஷத்துக்குள் முடிகிற அப்பியாசம் அது. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கிறது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் சங்கமான ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் நெடுங்காலமாகச் சென்னையில் இந்த மொழியைக் கற்பித்து வருகிறது. என்-4இல் நில்லாமல் என்-2 வரை ஏறியவருக்கு வெளிநாடு போவதும் அவசியமில்லை. இங்குள்ள ஜப்பானியக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், புதிதாகக் கற்பவர்களுக்கு ஆசிரியர் வேண்டும். பாஷையை விற்று ஜீவிக்கும் அந்த அயல்நாட்டு ஆசிரியரின் தொழில், அப்போது ஒரகடத்தார் ஒருவருக்கும் வாய்க்கிறது.

ஆசை இருக்கும் இடத்தில் மோசடியும் வந்து சேரும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். 1978 முதல் தமிழக அரசே நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. லட்சங்களில் பேசுகிறவரிடம் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

வேலை போன பிறகு படிக்கலாம் என்று ஒத்திப் போடுவது, வெள்ளம் வந்தபின் நீச்சல் பழக நினைப்பதாகும். செட்டில்மென்ட் பணம் வாடகையிலும் கடனிலும் கரையும்போது மனம் பாடத்தில் நிற்காது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளியின் கணக்கில் பதினைந்து நாள் சம்பளத்தை மறுபயிற்சிக்காக 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் விருப்ப ஓய்வில் போகிறவரைச் சட்டம் ஆட்குறைப்புக்கு ஆளானவராகக் கருதுவதில்லை; நோக்கியாவிலிருந்து ஐயாயிரம் பேர் வெளியேறியது அந்த வழியில்தான். மேலும், பதினைந்து நாள் சம்பளம் ஒரு பாஷையைக் கற்றுத் தந்துவிடாது.

ஆகையால் கற்பதற்குரிய காலம் வேலை இருக்கும் காலமே. அதற்குரிய இடமும் வேலை நடக்கும் இடமே. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்காகச் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த பெரிய விடுதி இருக்கிறது. அங்கே ஷிப்டுக்குத் தக்கபடி காலையிலும் மாலையிலும் ஒரு ஜப்பானிய வகுப்பை நடத்துவதற்கு ஆகும் செலவு, ஆலை முதலாளிகளுக்கு நிலத்திலும் வரியிலும் மின்சாரத்திலும் நாம் கொடுத்துவரும் சலுகைகளின் முன்னே கணக்கில் வைக்கத் தக்கதன்று. சலுகை பெற்ற ஆலை ஒரு நாள் இடம் மாறினாலும் மாறலாம். அதன் லைனில் நின்ற பெண்ணுக்கு நாம் கொடுக்கும் சலுகை, அவள் எங்கே போனாலும் அவளோடு போவதாக இருக்கட்டும்.